மேலே ஏறிய சில்லு

சென்னையிலிருந்து திருச்சி போகும் சாலையில், மேல்மருவத்தூரைத் தாண்டினால் அச்சரப்பாக்கம் வரும். செங்கற்பட்டு மாவட்டத்து ஊர். "அச்சு இற்ற பாக்கம்" என்பதுதான் நாளாவட்டத்தில் இப்படி மருவிவிட்டது என்பார்கள். இற்ற என்றால் முறிந்த என்று பொருள்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். முப்புரத்தை எரிக்கச் சிவபெருமான் தேர் ஏறிப் புறப்பட்டார். பிள்ளையாரைக் கும்பிட மறந்துவிட்டார். போகிற வழியில் தேரின் அச்சு மடக்கென்று முறிந்தது. அந்த இடத்தில் இருப்பதுதான் ஆட்சீசுவரர் கோயில். அங்குள்ள பிள்ளையாருக்கு "அச்சுமுறி விநாயகர்" என்றே பெயர். ஞானசம்பந்தர் பாடிய தலம்.

அந்த ஊரில்தான் என் அக்காளைக் கொடுத்திருக்கிறோம். அவள் மகளுக்கு 13 வயதில் கால் அச்சு நழுவியது. இது புராணக் கதை அல்ல. எங்கள் வீட்டுக் கதை.

பாண்டி ஆட்டத்தில்...

அன்று வாசலில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். நொண்டி அடித்துப் போய், குனிந்து சில்லை எடுத்து, ஒற்றைக் காலிலேயே திரும்பினாள். "ஐயோ!" என்று ஒரு அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால், முழங்காலின் முன்னால் இருக்க வேண்டிய எலும்பு வெளிப் பக்கம் போய் மேடாக நிற்கிறது. முன்பக்கம் பள்ளம்! பக்கத்து வீட்டு அம்மாள் பயந்துகொண்டே காலை மெல்ல நீட்டினாள். களுக் என்று எலும்பு பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

மறுநாள் முழங்கால் பூசணிக்காய் போல் வீங்கியது. எலும்பு கட்டுகிற ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் முட்டைப் பற்றுப் போட்டு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். ஆறு வாரம் அவிழ்க்கக் கூடாது என்று கட்டளை. ஆறு வாரம் கழித்து அவிழ்த்தார்கள். வீக்கம் இல்லை. ஆனால் தொடை சூம்பிப் போயிருந்தது. அடுத்த மாதமே பள்ளிக்கூடப் படியில் இறங்கும்போது அதே கால் மறுபடியும் நழுவியது.

பிறகு அவள் ஓடுவதை நிறுத்தினாள். விளையாட்டு வகுப்பில் மரத்தடியில் உட்கார்ந்தாள். மாடிப்படி என்றாலே முகம் வெளுத்தது. வலி வருவதும் போவதுமாக இருந்தது. வெளியே காயம் ஒன்றும் தெரியாது அல்லவா? "பள்ளிக்கூடம் போகாமல் இருக்க இது ஒரு சாக்கு" என்றார் ஆயா. அந்தச் சொல் அவளைக் காலைவிட அதிகமாக வருத்தியது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

எதற்கு இந்தச் சில்லு?

முழங்காலுக்கு முன்னால், தொட்டால் வட்டமாகத் தட்டுப்படும் எலும்புக்கு முழங்கால் சில்லு என்று பெயர். பாண்டி ஆடும் ஓட்டாஞ்சில்லுக்கும் அதற்கும் ஒரே சொல்! மருத்துவர்கள் அதைப் "பட்டெல்லா" என்கிறார்கள். அது லத்தீன் சொல். சிறு தட்டு என்று அர்த்தம். பிறந்த குழந்தைக்கு அது எலும்பாக இருப்பதில்லை, வெறும் குருத்தாக இருக்கும். மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள்தான் எலும்பாக மாறத் தொடங்கும்.

கிணற்று ராட்டினத்தைப் பாருங்கள். சக்கரத்தின் நடுவே ஒரு பள்ளம் ஓடுகிறது. கயிறு அந்தப் பள்ளத்தில் இருக்கிறவரை குடம் சுகமாக மேலே வரும். கயிறு பள்ளத்தை விட்டு விலகினால் ராட்டினம் சிக்கிக்கொள்ளும். முழங்காலிலும் இதே ஏற்பாடுதான். தொடைத் தசைதான் இழுக்கிற கை. அதன் நாரில் சில்லு பதிந்திருக்கிறது. தொடை எலும்பின் அடி முனையில் ஒரு பள்ளம் உண்டு. காலை மடக்கும்போது சில்லு அந்தப் பள்ளத்தில் இறங்கி வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் சுவர் போல எலும்பு நிற்பதால் வெளியே ஓட முடியாது.

சிலருக்குச் சில்லு இருக்க வேண்டிய இடத்தைவிட மேலே ஏறி நிற்கிறது. அங்கே பள்ளமும் இல்லை, சுவரும் இல்லை. மற்றவர்களுக்குக் காலைச் சிறிது மடக்கியதுமே சில்லு பள்ளத்தில் இறங்கிவிடும். இவர்களுக்கு இன்னும் அதிகமாக மடக்கினால்தான் இறங்கும். அந்த இடைவெளியில் உடம்பு திரும்பினால் சில்லு வெளிப் பக்கம் ஓடிவிடும். பாண்டியில் நடந்தது அதுதான்.

சில்லு நழுவாமலே வலி மட்டும் வருகிறவர்களும் உண்டு. சில்லு பள்ளத்தில் சரியாகப் பதியாமல் சிறு இடத்திலேயே அழுத்துவதால் அங்கே குருத்து தேய்கிறது. சமதரையில் நடக்கும்போது சில்லின்மேல் விழும் பாரம் நம் எடையில் சுமார் பாதி. படி ஏறி இறங்கினால் சுமார் மூன்று மடங்கு. குந்தி உட்கார்ந்து எழுந்தால் ஏழு மடங்கு வரை போகும். காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்தாலும் வலிக்கும். இதற்கு மருத்துவர்களே "சினிமா பார்ப்பவர் வலி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று மணி நேரத் தமிழ்ப் படம் அவர்களுக்கு நினைவில் இருந்ததோ என்னவோ!

படத்தில் ஒரு கணக்கு

மூன்றாம் முறை நழுவிய பிறகுதான் அக்காள் எனக்கு ஆள் அனுப்பினாள். ஒரு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். எலும்பு டாக்டர் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, அளவுகோல் வைத்து அளந்தார்.

"சில்லின் நீளம் 4 சென்டிமீட்டர். சில்லிலிருந்து கால் எலும்புக்குப் போகும் நாரின் நீளம் ஐந்தரை. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்" என்றார்.

நார் நீளத்தைச் சில்லு நீளத்தால் வகுத்தால் சாதாரணமாக 1 வரும். 1.2-க்கு மேல் போனால் சில்லு மேலே இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கணக்கை 1971-ல் நியூயார்க் நகரத்து டாக்டர்களான இன்சால், சால்வாட்டி என்ற இருவர் எழுதினார்கள். வேறு விதமாக அளக்கிறவர்களும் உண்டு. எங்கள் பெண்ணின் கணக்கு 1.3-ஐத் தாண்டியிருந்தது. பொய் சொல்லவில்லை என்பதற்கு அந்தப் படமே சாட்சி. அவள் படத்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இது அடிபட்டு வந்ததல்ல. பிறவி அமைப்பு. குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா?" என்று டாக்டர் கேட்டார். அக்காள் பேசாமல் நின்றாள். பிறகு, "எனக்கும் சின்ன வயசிலிருந்து படி இறங்கினால் வலிக்கும், சார்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிறு பிள்ளைகளாக இருந்தபோது மாடிக்குப் போய் வற்றல் எடுத்து வரச் சொன்னால் அக்காள் என்னை ஏவுவாள். "சோம்பேறி" என்று எத்தனை முறை கேலி செய்திருப்பேன்!

மாட்டுக்கும் உண்டு

வீட்டுக்கு வந்ததும் அக்காளின் மாமனார் ஒரு கேள்வி போட்டார். அவர் பழைய வண்டிக்காரர். "எங்க மாட்டுக்கு இதே மாதிரி பின்னங்கால் விறைச்சு நின்னுச்சு. மாட்டு டாக்டர் ஒரு நரம்பை வெட்டினார். அப்பவே நடந்துச்சு. மாட்டுக்கு ஒரு நிமிஷம், பெண்ணுக்கு மட்டும் வருஷக்கணக்கா?"

அவர் சொன்னது உண்மைதான். மாடு, எருமைகளுக்குப் பின்னங்காலின் சில்லு மேலே ஏறி, எலும்பு விளிம்பில் மாட்டிக்கொள்வது நம் நாட்டில் அடிக்கடி காணும் வியாதி. கால் பின்பக்கம் விறைத்து நிற்கும். பிறகு வெடுக்கென்று இழுத்து வைக்கும். ஆனால் மாட்டின் சில்லைக் கீழே மூன்று நார்கள் பிடித்திருக்கின்றன. உள்பக்கத்து நாரை அறுத்தாலும் மற்ற இரண்டு தாங்கும். மனிதனுக்குக் கீழே இருப்பது ஒன்றே ஒன்று. அதை அறுத்தால் காலை நீட்டவே முடியாது. இதை விளக்கியபோது பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். முழுத் திருப்தி இல்லை என்று முகம் சொன்னது.

துண்டும் தொடையும்

எல்லாருக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. மேலே ஏறிய சில்லுடன் ஆயுள் முழுவதும் தொல்லையின்றி நடப்பவர்கள் அநேகர். முதல் மருந்து தேகப்பயிற்சி. சில்லு தானாகக் கீழே இறங்கிவிடாது. ஆனால் தொடைத் தசையும் இடுப்புத் தசையும் பலப்பட்டால் அதை நேராகப் பிடித்து வைக்கும். ஆறு வாரம் அசையாமல் கட்டிப் போட்டதால் எங்கள் பெண்ணுக்கு அந்தத் தசைதான் போய்விட்டது. நழுவிய பிறகு சில நாள் ஓய்வும் கட்டும் வேண்டும். அதற்கு மேல் கால் அசைய வேண்டும் என்பதே இன்றைய டாக்டர்களின் அபிப்பிராயம்.

அவளுக்குச் சொல்லித் தந்த பயிற்சி இதுதான். காலை நீட்டி உட்கார வேண்டும். துண்டைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைக்க வேண்டும். துண்டை நசுக்குவது போல் முழங்காலை அழுத்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, பிறகு விட வேண்டும். பத்துத் தடவை. அப்புறம் மல்லாந்து படுத்து, மடக்காமல் காலை ஒரு சாண் உயரம் தூக்கி இறக்க வேண்டும். இதுவும் பத்துத் தடவை. பார்க்கச் சுலபம். மூன்று மாதம் விடாமல் செய்வதுதான் கஷ்டம்.

நழுவிய சில்லு தானே திரும்பாவிட்டால் யாரும் அமுக்கித் தள்ளக் கூடாது. திரும்பினாலும், வீங்கினால் எக்ஸ்ரே எடுத்தே தீர வேண்டும். சில சமயம் எலும்புத் துண்டு ஒன்று பெயர்ந்து உள்ளே கிடக்கும். முழங்கால் வலி எல்லாமே இந்த வியாதி என்றும் நினைத்துவிடாதீர்கள். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியை வீட்டுக்கே வந்து கொடுக்க ஏற்பாடு உண்டு.

பயிற்சியால் வலி குறைந்தது. ஒரு வருஷம் நழுவவில்லை. பிறகு 15 வயதில் மறுபடியும் இரண்டு முறை நழுவியது. "ஆபரேஷன்தான். ஆனால் எலும்பு வளர்ந்து முடியட்டும்" என்றார் டாக்டர். வளரும் எலும்பில் கை வைத்தால் கால் கோணலாக வளரக்கூடும்.

ஆயாவுக்கு வேறு கவலை. "காலில் தழும்போடு இருக்கிற பெண்ணை எவன் கட்டுவான்?" என்றார். வயதானவர் என்று நான் பொறுத்துக்கொண்டேன். அக்காள் பொறுக்கவில்லை. "தழும்பைப் பார்க்கிறவன் வேண்டாம், அத்தை. இவள் படி ஏறட்டும்" என்றாள். மாமியாரை அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

16 வயது முடிந்ததும் ஆபரேஷன் நடந்தது. முழங்காலுக்குக் கீழே நார் ஒட்டியிருக்கும் எலும்பு மேட்டை அறுத்து, சுமார் ஒரு சென்டிமீட்டர் கீழே நகர்த்தி, இரண்டு திருகாணி போட்டார்கள். அளவுக்கு மிஞ்சி இறக்கினாலும் வலி வருமாம். அவள் தொடையிலிருந்தே ஒரு நாரை எடுத்து, சில்லின் உள்பக்கத்தில் கடிவாளம் போலக் கட்டினார்கள். ஆறு வாரம் கக்கத்தில் கட்டை. பிறகு மறுபடியும் துண்டும் தொடையும்! ஓடுவதற்கு எட்டு மாதம் ஆயிற்று.

இப்போது கல்லூரிக்கு ரயிலில் செங்கற்பட்டு போய் வருகிறாள். ஸ்டேஷன் படியில் கைப்பிடியைத் தொடுவதில்லை. தரையில் குந்துவது மட்டும் இன்னும் சிரமம். முக்காலி போட்டுக் கோலம் போடுகிறாள். அதைப் பார்த்து யாராவது சிரித்தால், "மாமா, எக்ஸ்ரேயை எடுத்துக் காட்டட்டுமா?" என்று என்னைக் கேட்கிறாள்.

போன மாதம் அச்சரப்பாக்கம் போயிருந்தேன். விடியற்காலை. கூடத்தில் பாய் விரித்து அவள் துண்டைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு துண்டு. அக்காள் காலை நீட்டி உட்கார்ந்து, "ஒன்று, இரண்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.