அடுத்த மாதம் யார் முறை?

வாட்ஸ்அப்பில் ஒருவர் கேட்கிறார்: "இந்த ஞாயிறு என்ன படம் போடலாம்?" அரை மணி நேரத்தில் பதினெட்டுப் பெயர்கள் வந்து விழுகின்றன. ஒருவர் வாக்கெடுப்பு வைக்கிறார். மூன்று படங்கள் சமமாக நிற்கின்றன. மறுபடியும் வாக்கெடுப்பு. கடைசியில் ஜெயிப்பது, யாருக்கும் முதல் விருப்பமில்லாத, யாருக்கும் ஆட்சேபமும் இல்லாத ஒரு படம். ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேர் வருவதில்லை. வந்தவர்களும் படம் முடிந்ததும் "நல்லாருந்தது" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுகிறார்கள். ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் சிறு திரையிடல் குழுக்களில் இது வழக்கமான காட்சி.

பழைய பிலிம் சொசைட்டிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. ரீல் பெட்டி எங்கிருந்து வருகிறதோ, அதுதான் அந்த மாதப் படம். 1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களோடு கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். 1959இல் இத்தகைய சங்கங்களுக்கு அகில இந்தியக் கூட்டமைப்பு ஒன்று உருவாகி, ராய் அதன் தலைவரானார். 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. தூதரகங்களும் அயல்நாட்டுப் பண்பாட்டு மையங்களும் படங்கள் தந்தன. செக்கோஸ்லோவாகியப் படம் கிடைத்தால் செக்கோஸ்லோவாகியா, ஹங்கேரி கிடைத்தால் ஹங்கேரி. சங்கக் காட்சிகளுக்குத் தணிக்கை விலக்கு இருந்ததால், வெட்டுப்படாத காட்சி ஏதாவது வருமா என்று பார்க்கவே சந்தா கட்டியவர்களும் உண்டு. அவர்களுடைய சந்தாவில்தான் பல சங்கங்கள் வாடகை கட்டின என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தத் தட்டுப்பாட்டில் ஒரு நன்மை இருந்தது. தான் ஒருபோதும் தேர்ந்தெடுத்திருக்க முடியாத படத்தின் முன்னால் மனிதர் உட்கார்ந்தார். இன்று எல்லாம் கைபேசியிலேயே கிடைக்கிறது. நமக்குப் பிடிக்கும் என்று இயந்திரம் கணித்ததையே அது மேலும் மேலும் நீட்டுகிறது. பத்துப் பேர் கூடி வாக்களித்துப் படம் தேர்ந்தெடுக்கும்போது, நாமும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறோம்.

நல்ல படம் வேறு, பேசுவதற்கு நல்ல படம் வேறு. இரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) எந்த வாக்கெடுப்பிலும் ஜெயிக்கும். அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடிக் காலணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடும் கதை. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுவார்கள். அத்தோடு சரி. என்ன பேசுவது? அந்தக் குழந்தைகளுக்கு எதிராக வாதாட யாருக்கு மனம் வரும்? அதே இரானிலிருந்து அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' (2011) போட்டுப் பாருங்கள். நோயாளித் தந்தையைக் கட்டிலில் கட்டிப்போட்டுவிட்டு வெளியே போன பணிப்பெண்ணை, மகன் வாசலிலிருந்து தள்ளிவிடுகிறான். அவளுக்குக் கரு கலைகிறது. அவள் கர்ப்பிணி என்று அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? வீட்டை விட்டுப் போன மனைவியின் பக்கம் நியாயம் உண்டா? படம் யாரையும் குற்றவாளியாக்கித் தருவதில்லை. அந்த வேலையை அறையில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வயதான பெற்றோரை வீட்டில் வைத்திருப்பவர் ஒரு பக்கம், அடுத்தவர் வீட்டில் வேலை செய்து பிழைத்த அம்மாவின் பிள்ளை இன்னொரு பக்கம் என்று கூட்டம் தானாகவே பிரியும்.

தமிழில் இப்படிப்பட்ட படம் கேட்டால் ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978) என்பேன். அதன் நாயகி மஞ்சுவைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். ஆனால் உண்மையான சண்டை அருணைப் பற்றித்தான் வரும். பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும், பக்குவமாகப் பேசும் அந்த மனிதர் நல்லவரா, கோழையா? அறையில் இருக்கும் ஆண்களில் பலர் அவரைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். ஏன் என்று யாராவது ஒரு பெண் கேட்டுவிட்டால், அன்றைய கூட்டம் சீக்கிரம் கலையாது.

"நம்ம ஆட்களுக்கு இது புரியாது" என்பது தேர்வில் அடிக்கடி வரும் இன்னொரு பேச்சு. இதைச் சொல்பவர் தனக்குப் புரியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கர்நாடகத்தில் சாகர் பக்கத்தில் ஹெக்கோடு என்று ஒரு கிராமம். பாக்கு விளையும் ஊர். அங்கே கே.வி. சுப்பண்ணா வளர்த்த 'நீநாசம்' நாடக அமைப்பு, 1970களில் 'பதேர் பாஞ்சாலி', 'பைசிக்கிள் தீவ்ஸ்', 'ராஷோமோன்' போன்ற படங்களைக் கிராமத்து மக்களுக்குப் போட்டுக் காட்டியது. புனே காப்பகத்தின் பி.கே. நாயர் படங்கள் கிடைக்க வழிசெய்தார். திரைப்பட ரசனையைக் கற்பித்த சதீஷ் பகதூர் அங்கே வகுப்பெடுத்தார். வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்தவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், பேசினார்கள். சுப்பண்ணாவுக்கு 1991இல் மகசேசே விருது கிடைத்தது. மாநகரத்துக் குழு ஒன்று சப்டைட்டிலைப் பார்த்துத் தயங்கும்போது எனக்கு ஹெக்கோடுதான் ஞாபகம் வரும்.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? வாக்கெடுப்பை விட்டுவிட்டு முறை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. மாதம் ஒருவர். அவர் சொல்லும் படம்தான் படம். அவர் அதை ஏற்கெனவே பார்த்திருக்க வேண்டும்; "எல்லாரும் சொல்றாங்க, நானும் பார்த்ததில்லை" என்பது செல்லாது. ஏன் இந்தப் படம் என்று இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லலாம், கதை சொல்லக் கூடாது. முக்கியமாக, படம் முடிந்ததும் அவர் கடைசியில்தான் பேச வேண்டும். தேர்ந்தெடுத்தவர் முதலில் வாயைத் திறந்தால், மற்றவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி சாம்பாரைக் குறை சொல்ல மாட்டார் அல்லவா, அந்தச் சங்கடம்தான்.

முறை வைப்பதில் இன்னொரு லாபம், பேசாதவர்களின் ரசனையும் வெளியே வரும். வாக்கெடுப்பில் எப்போதும் சத்தமாகப் பேசும் நான்கு பேர்தான் ஆள்வார்கள். கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாத வங்கி ஊழியர் தன் முறை வரும்போது பழைய பீம்சிங் படத்தைச் சொல்வார். உலக சினிமாக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். பீம்சிங் படங்களில் குடும்பம் உடைவதையும் ஒட்டுவதையும் பற்றிப் பேச ஒரு மாலை போதாது.

படங்களை ஜோடியாகப் போடுவதும் நல்ல உத்தி. அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) ஒரு மாதம், எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) அடுத்த மாதம். இரண்டிலும் ஒரு கொலை, பலர் வாயால் பல கதைகள். பாலசந்தர் ராஷோமோனின் பாதிப்பில்தான் இதை எடுத்தார் என்பார்கள். பாட்டே இல்லாமல் தமிழ்ப் படம் எடுத்த துணிச்சல்காரர் அவர். ஆனால் குரோசாவா உண்மை எதுவென்று கடைசிவரை கையில் தராமல் போகிறார். பாலசந்தரோ கொலையாளியைக் காட்டிவிடுகிறார். ஏன் காட்டினார்? ரசிகர்கள் விடமாட்டார்கள் என்றா, அன்றைய தேசபக்திக் கதைக்கு அப்படியொரு முடிவு தேவைப்பட்டதா? தனியாகப் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படம் 100 நிமிடத்துக்குள் இருந்தால் பேச நேரம் மிஞ்சும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் பாதியில் எழ மாட்டார்கள். சப்டைட்டில் ஓடுகிறதா என்று முதல் நாளே போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஓடிடி சந்தா வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்பதால், சுயாதீனப் படமாக இருந்தால் இயக்குநரிடமே அனுமதி கேட்பது நல்லது. பலர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள், சிலர் நேரிலும் வருவார்கள். இயக்குநர் வந்திருக்கும்போது விமர்சனத்தின் சூடு குறையும், அது வேறு விஷயம்.

எந்தக் குழுவிலும் ஒருவர் இருப்பார். தன் முறை வந்ததும், ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் பேலா தாரின் 'சாத்தான்டாங்கோ'வைத்தான் சொல்வார். மறுக்க வேண்டாம், விதி விதிதான். முழு ஞாயிற்றுக்கிழமையை அவருக்கே எழுதிக் கொடுத்துவிடலாம். காலை ஒன்பதரைக்கு ஆரம்பம், இரண்டு இடைவேளை. மத்தியானச் சாப்பாடு மட்டும் அவர் செலவு.