கெமரா கார்டை அவசரப்பட்டு போர்மட் செய்யாதீர்கள்

அக்கரப்பத்தனையில் கடை வைத்திருப்போருக்கு மின்தடை புதிதல்ல. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று சிக்கியதாகச் சொல்லி நாடே இருண்டதே, அப்படியான நாட்களில்தான் இந்தத் தொல்லை ஆரம்பிக்கும். மின்சாரம் வந்ததும் கடைக் கெமரா, “கார்ட் பழுது, போர்மட் செய்யவா?” என்று கேட்கும். நம்மவர் யோசிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்திவிடுவார். கல்லாப்பெட்டித் தகராறுக்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விடும்.

மெமரி கார்டில் பதிவுகள் ஒருபுறம், எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை மறுபுறம். எழுதும்போது மின்சாரம் நின்றால் அட்டவணை அரைகுறையாகும். பதிவுகள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். கணக்குப்பிள்ளை பேரேட்டில் பாதி வரியோடு எழுந்து போனது போல. கம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க், செய்யப்போவதை முதலில் குறித்துவைத்துப் பின் எழுதும். கெமரா கார்ட்களில் உள்ள ‘பெட் 32’, ‘எக்ஸ்பெட்’ முறைகளில் அந்தக் குறிப்பு இல்லை.

ஆகவே கெமராவை நிறுத்தி, கார்டைக் கழற்றுங்கள். விண்டோஸும் போர்மட் கேட்கும், மறுத்துவிடுங்கள். முதலில் முழுக் கார்டையும் ஒரு பிரதி எடுக்கவேண்டும். ‘போட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளால் பிரதியிலிருந்தே பதிவுகளைத் தேடலாம். அட்டவணையைத் திருத்தும் ‘செக்டிஸ்க்’ அதற்குப் பிறகுதான். அது கார்டிலேயே எழுதும்.

மின்தடையே இல்லாமல் திரும்பத் திரும்பப் பழுதானால் கார்ட் தேய்ந்திருக்கும், அல்லது போலி. 64 ஜீபி என்று அச்சிட்டு 8 ஜீபி மட்டுமே கொள்ளும் கார்ட்களும் விற்பனையாகின்றன. வாங்கியவுடன் முழுதும் நிரப்பி, திரும்ப வாசித்துப் பாருங்கள். கெமராவுக்குச் சிறிய யூ.பி.எஸ். ஒன்றும் அவசியம்.