நிறத்தின் அண்டை அயல்

மாணவர்களே, துணிகளில் நாம் காணும் அலங்காரங்களுள் ஒரு வகையில் பூவும் இல்லை, கொடியும் இல்லை, பறவையும் இல்லை. கோடும் கட்டமும் வட்டமுமே உண்டு. இதனை உருவம் சாராத அணி என்பர். காட்டுவதற்கு ஓர் உருவம் இல்லாதபோது, அது எதனைக் கொண்டு நம் கண்ணைக் கவர்கிறது? நிறத்தையும் பரப்பின் தன்மையையும் கொண்டே கவர்கிறது.

முதலில் நிறத்தைப் பார்ப்போம். 1824-ஆம் ஆண்டில் ஷெவ்ரோல் என்னும் ரசாயன அறிஞர், பாரிஸ் நகரத்துக் கோபலான் நெசவுச்சாலையில் சாயப் பகுதியின் தலைவரானார். சித்திரத் திரைகள் நெய்யும் அச்சாலையில், நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகே நெய்த கறுப்பு நூல் வலுவின்றித் தோன்றுகிறது என்று சாயத்தின்மேல் குறை கூறினர். அவர் பிற சாலைகளின் கறுப்பு நூலைத் தருவித்து ஒப்பிட்டார். சாயத்தில் குறையே இல்லை. காரணம் அண்டை நிறந்தான்! ஒரு நிறம் தன் எதிர் நிறத்தின் சாயலைப் பக்கத்திலுள்ள நிறத்தின்மேல் ஏற்றிக் காட்டும். நீலத்தின் எதிர் நிறமாகிய ஆரஞ்சுச் சாயல் படிந்ததால் கறுப்பு மங்கிற்று. இவ்விதியை அவர் 1839-இல் நூலாக வெளியிட்டார்.

இனிப் பரப்பு. வழவழப்பான பரப்பு ஒளியைப் பெரும்பாலும் ஒரே திசையில் திருப்பும், ஆகவே மின்னும். சொரசொரப்பான பரப்பு ஒளியைச் சிதறடிக்கும்; அதன் மேடுகள் சிறு நிழல்களையும் வீழ்த்தும். ஒரே சாயம் பட்டில் ஒளிர்வதும் வெல்வெட்டில் ஆழ்ந்து தோன்றுவதும் இதனாலேயே. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்ற ஆனி ஆல்பர்ஸ், 1930-இல் பெர்னாவு என்னும் ஊரின் தொழிற்சங்கப் பள்ளி மண்டபத்துக்கு ஒரு சுவர்த்துணி நெய்தார். அதில் செல்லோபேன் இழை ஒளியைத் திருப்பிற்று. மென்மயிர்போன்ற பருத்தி நூல் ஒலியை உட்கொண்டது. பரப்பின் தன்மை அழகோடு பயனும் தந்தது.

நிறமும் பரப்பும் கூடிய வித்தையை நம் நெசவாளரும் அறிவர். பாவுக்கு நீலமும் ஊடைக்குப் பச்சையும் இட்டு நெய்த மயில்கழுத்துப் பட்டு, அசையுந்தோறும் நிறம் மாறுகிறதன்றோ?

நான் வகுப்பில் செய்து காட்டிவந்த சோதனை ஒன்றைக் கூறுகிறேன். ஒரே சாம்பல் நிறத் தாளில் இரு துண்டுகள் வெட்டி, ஒன்றைச் சிவப்புத் தாளிலும் மற்றொன்றைப் பச்சைத் தாளிலும் வையுங்கள். மேலே ஒளி ஊடுருவும் மெல்லிய தாளைப் போர்த்துங்கள். முன்னதில் பச்சைச் சாயலும் பின்னதில் சிவப்புச் சாயலும் தோன்றும். இனி, ஒரு நிறத்தை நன்றன்று என்று தள்ளுமுன், அதன் அண்டை அயலைச் சற்றே நோக்குங்கள்.