டிங்! ஓட்டு விழுந்தாச்சு!

கோலிக்குண்டு போட்டு அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? சத்தியமாங்க! மேற்கு ஆப்பிரிக்காவின் குட்டி நாடு காம்பியாவில் அப்படித்தான். வாருங்கள், 2016 டிசம்பர் 1 அன்று அங்கே நடந்த அதிபர் தேர்தலின் வாக்குச்சாவடிக்குள் நைசாக எட்டிப் பார்ப்போம்.

விரலில் மை வைத்ததும் கையில் தருவது சீட்டு அல்ல, கண்ணாடிக் கோலி! அதோடு மறைப்புக்குள் போனால் வரிசையாக மூன்று தகர டிரம்கள். பச்சை, அதிபர் யாஹ்யா ஜாமேவுக்கு. வெள்ளிச் சாம்பல், அடாமா பாரோவுக்கு. ஊதா, மாமா கண்டேவுக்கு. படமும் ஒட்டியிருக்கும். எழுத்தறியாதவர்களும் தடுமாறாமல் ஓட்டுப் போட 1960-களில் வந்த ஏற்பாடு இது. டிரம்மின் மேல் உள்ள குழாயில் கோலியைப் போட்டால், உள்ளே மணி அடிக்கும்: டிங்!

சூட்சுமமே அந்த மணிதான். ஒரு டிங் என்றால் ஒரு ஓட்டு. இரண்டாவது டிங் கேட்டதோ, மாட்டிக்கொண்டார் கள்ள ஓட்டுக்காரர்! கோலி கீழே விழுந்து உருண்டு சத்தம் கிளப்பாதிருக்க, அடியில் மணலோ மரத்தூளோ பரப்பியிருக்கும். சாவடிப் பக்கம் சைக்கிளுக்கும் தடை. பெல் அடித்தால் அதிகாரிகள் குழம்பிவிடுவார்களே!

மாலையில் எண்ணிக்கையும் அங்கேயே. 200 அல்லது 500 குழிகள் கொண்ட மரத்தட்டில், பல்லாங்குழி ஆடுவதுபோல, கோலிகளை நிரப்புகிறார்கள். தட்டு நிறைந்தால் கணக்கு முடிந்தது. கட்சி முகவர்கள் கண்ணெதிரே நடப்பதால் யாரும் கைவைக்க வழியில்லை.

ஜாமே லேசுப்பட்டவரா? 1994-இல் ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்தவர். இறைவன் நாடினால் நூறு கோடி ஆண்டுகள்கூட ஆள்வேன் என்றவர். தேர்தல் நாளில் இணையத்தையே துண்டித்தது அவர் அரசு. ஆனால் கோலிக்கு எதற்கு இணையம்? திருத்திய இறுதிக் கணக்கில் பாரோ 2,27,708, ஜாமே 2,08,487. லண்டனில் ஒரு காலத்தில் கடைக் காவலராக இருந்தவரிடம் 22 ஆண்டு ஆட்சி கவிழ்ந்தது!

தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்க, சிரித்தபடி பாரோவுக்கு போன் போட்டு வாழ்த்தினார் ஜாமே. ஒரே வாரத்தில் பல்டி: தேர்தல் செல்லாதாம்! மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் படையோடு வந்து நின்றன. பாரோ 2017 ஜனவரி 19 அன்று செனகலின் டக்காரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார். இரண்டு நாள் கழித்து ஜாமே விமானம் ஏறினார்.

2021 தேர்தலிலும் அதே கோலிதான். இந்த முறை ஆறு வேட்பாளர்கள், ஆறு டிரம்கள். மறுபடியும் பாரோவே ஜெயித்தார்!