பக்கத்துக் கிணறும் யுரேனியமும்

உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரில் சமைப்பவர்கள், குழம்புக்கு உப்பு போடுமுன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினர் நிலத்தில், கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்களைச் சுற்றி நடப்பதும் அதே வேலைதான். அங்கே இப்படி 500-க்கும் மேல் சுரங்கங்கள். 1944 முதல் 1986 வரை கிட்டத்தட்ட 3 கோடி டன் தாது வெட்டினார்கள். மண்ணில் முன்பே இருந்த கதிர்வீச்சு எவ்வளவு, சுரங்கம் சேர்த்தது எவ்வளவு?

முதலில் கருவி. உள்ளே சோடியம் அயோடைடு படிகம். மண்ணிலிருந்து காமாக் கதிர் வந்து பட்டதும் அது மினுக்கென்று ஒளிரும். ஒவ்வொரு மினுக்கையும் கருவி எண்ணிக்கொள்ளும். காய்ந்த எண்ணெயில் கடுகு பொரிவது போலத்தான்: படபடவென்று நாலைந்து, பிறகு சற்று மௌனம். அதனால் சந்தேகமான இடத்தில் நின்று நிதானமாக எண்ண வேண்டும்.

அடுத்து, பொரிவது எது? சத்தத்தை வைத்தே கடுகா மிளகா என்று சொல்லிவிடலாம் இல்லையா? இங்கே மினுக்கின் பிரகாசம் கதிரின் ஆற்றலைச் சொல்லிக் காட்டிக்கொடுக்கும். பொட்டாசியத்துக்கு 1461 கிலோ எலக்ட்ரான் வோல்ட், தோரியக் குடும்பத்துக்கு 2615, யுரேனியக் குடும்பத்துக்கு 1764. இதில் ஒரு வேடிக்கை: அந்த 1764 யுரேனியத்தின் குரலே அல்ல. பல தலைமுறை தள்ளிப் பிறந்த பிஸ்மத்-214-இன் குரல். பேரன் சத்தம் கேட்டால் தாத்தா உள்ளே இருக்கிறார் என்று ஊகிக்கிறோம். ஆனால் வம்சத்தின் நடுவில் ரேடான் என்றொரு வாயு. குக்கர் ஆவி மாதிரி மண் இடுக்கில் நழுவிவிடும்; பேரன் சத்தமும் குறையும். மழை பெய்தால் காற்றில் இருக்கும் ரேடானின் பிள்ளைகள் தரையில் வந்து இறங்கி, கணக்கைச் சில மணி நேரம் ஏற்றிக் காட்டும். ஆகவே மழை விட்ட கையோடு அளக்கப் போகக் கூடாது.

பிறகு நடை. கருவியும் ஜிபிஎஸ்ஸுமாக வரிசை வரிசையாக நடந்தால் கோலப்புள்ளி மாதிரி எண்கள் விழும். ஒரே அளவுள்ள புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தால் வரைபடம்.

கடைசியில்தான் தலைவலி. உப்பு விழுந்துவிட்ட குழம்பில் தண்ணீரின் ருசி தெரியாது; அதனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துக் கிணறு ஒன்று வேண்டும்: அதே பாறை, அதே மண், ஆனால் யாரும் தோண்டாத, சுரங்கத் தூசி படியாத இடம். யுரேனியம் அதிகமாக இருந்த இடத்தைத்தானே தேடித் தேடித் தோண்டினார்கள். தோண்டாமல் விட்டது அதே மண்தானா? ஒரு இடம் போதாது, பாறை வகைக்கு ஒன்று வேண்டும். ஒப்பீட்டுக்குக் கூடுதலாகக் கரிக்கும் கிணற்றைக் காட்டிவிட்டால், சுத்தம் செய்ய அள்ள வேண்டிய மண் குறையும், செலவும் குறையும். கிணற்றைக் காட்டும் விரல் யாருடையது என்று நான் முதலில் கேட்பேன்.