புது அலாய் வீலைக் கழுவுறதுக்கு முன்னாடி

புதுசா கார் எடுத்தவங்க, இல்லன்னா பழைய காருக்கு ஆசையா அலாய் வீல் மாட்டினவங்க, இந்த எபிசோடு உங்களுக்குத்தான். ஒரு செட் அலாய் வாங்க பல ஆயிரம் செலவு பண்றோம். ஆனா அதைக் கழுவுறப்போ பெரும்பாலும் நாம பக்கத்துல நிக்கிறதே இல்ல. வாட்டர் வாஷ் கடையில சாவியைக் கொடுத்துட்டு டீ குடிக்கப் போயிடுறோம். ஒரு வருஷம் கழிச்சு வீல் ஏன் மங்கிப் போச்சுன்னு யோசிக்கிறோம்.

முதல்ல ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். அலாய் வீல்ல பளபளன்னு தெரியறது அலுமினியம்னு நினைக்கிறோம். நம்ம கை படறது உண்மையில அலுமினியத்துல இல்ல. அதுக்கு மேல பெயின்ட், பெயின்ட்டுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு கிளியர் கோட். டைமண்ட் கட் வீல்ல முகப்பை லேத்துல சீவி விட்டிருப்பாங்க. அந்த இடத்துல பெயின்ட்கூட கிடையாது, உலோகத்துக்கு மேல நேரா கிளியர் கோட்தான். அந்த அடுக்கு ரொம்ப மெல்லிசு. அது இருக்கிற வரைக்கும்தான் வீல் புதுசு. அதுல ஒரு ஓட்டை விழுந்தா தண்ணி உள்ள போகும், அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும், கிளியர் கோட்டுக்கு அடியில புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளைக் கோடுகள் வரும். அந்தக் கோட்டை எந்த ஷாம்பு போட்டுத் தேய்ச்சாலும் போகாது, ஏன்னா அழுக்கு மேல இல்ல, அடியில இருக்கு.

சரி, அந்த அடுக்கை எது கெடுக்குது? சேறுன்னு நினைப்போம். சேறு பாவம், தண்ணி அடிச்சா போயிடும். உண்மையான வில்லன் அந்தக் கருப்புத் தூள், பிரேக் டஸ்ட்.

ஒவ்வொரு தடவை பிரேக் மிதிக்கும்போதும் பிரேக் பேட் போய் டிஸ்க்கை அழுத்துது. டிஸ்க் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ரெண்டும் உரசி, சூடான இரும்புத் துகள் பறந்து வந்து வீல்ல ஒட்டுது. அங்கேயே உட்கார்ந்து, ஈரம் பட்டதும் துருப்பிடிக்குது. வெள்ளி நிற வீல்ல பழுப்பா சின்னச் சின்னப் புள்ளிகள் பார்த்திருப்பீங்க. அது வீல் துருப்பிடிச்சது இல்ல, அலுமினியத்துக்கு அப்படிச் சிவப்பாத் துரு வராது. மேல உட்கார்ந்திருக்கிற இரும்புத் தூளோட துரு அது. ஓ.எம்.ஆர். மாதிரி சிக்னலுக்கு சிக்னல் பிரேக் மிதிக்கிற ரோட்டுல தினமும் போய்ட்டு வர்றவங்க வீல் ஏன் சீக்கிரம் கருக்குதுன்னு இப்போ புரிஞ்சிருக்கும்.

முன் வீல்தான் எப்பவும் அதிகமா கருக்கும். பிரேக் போடும்போது வண்டியோட எடை முன்னாடி சாயுறதால முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். நம்ம ஊர் சின்ன கார்கள் பலதுல பின்னாடி டிரம் பிரேக். அதுல வர்ற தூள் பெரும்பாலும் டிரம்முக்குள்ளேயே தங்கிடும்.

இப்போ வாட்டர் வாஷ் கடைக்கு வருவோம். எல்லாக் கடையையும் சொல்லல, நல்லாப் பண்றவங்க இருக்காங்க. ஆனா லேபிளே இல்லாத ஒரு பாட்டில்ல இருந்து எதையோ வீல்ல அடிச்சதும் அழுக்கு தானா வழிஞ்சு ஓடுதுன்னா, கொஞ்சம் உஷாராகுங்க. அது கடுமையான ஆசிட்டா இருக்கலாம், காஸ்டிக் சோடா கலந்ததாவும் இருக்கலாம். ஸ்கூல் கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கா? அலுமினியம் ஆசிட்லயும் கரையும், காரத்துலயும் கரையும். ரெண்டு பக்கமும் அதுக்கு ஆபத்துதான். ஒரு தடவை அடிச்சா தெரியாது. மாசத்துக்கு ரெண்டு தடவை அடிச்சா கிளியர் கோட் மங்கும், வால்வு, நட்டு பக்கத்துல முதல்ல வெளுக்கும்.

இதுல வீலை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. சில வீல் கிளீனர்கள்ல ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்டோ, அதை உண்டாக்குற அம்மோனியம் பைஃபுளூரைடோ இருக்கும். நீர்த்த நிலையில தோல்ல பட்டா உடனே எரியாது, வலி சில மணி நேரம் கழிச்சுக்கூட வரலாம். அதுக்குள்ள அது தோலைத் தாண்டி உள்ள போய் உடம்புல இருக்கிற கால்சியத்தோட சேர்ந்துடும். நம்ம வண்டியைக் கழுவுற தம்பி பெரும்பாலும் வெறுங்கையோடதான் நிக்கிறார். அதனால, "அண்ணே, வீலுக்கு ஆசிட் வேண்டாம், ஷாம்பு மட்டும் போடுங்க"ன்னு சொல்றது உங்க வீலுக்காக மட்டும் இல்ல.

வீட்டுலயே கழுவுறதா இருந்தா, வண்டியை ஓட்டிட்டு வந்த கையோட ஆரம்பிக்காதீங்க. வீல் சூடா இருந்தா எந்தத் திரவமும் உடனே காய்ஞ்சு கறை ஆயிடும். கையை வெச்சுப் பாருங்க, சில்லுன்னு இருக்கணும். நிழல்ல நிறுத்துங்க. முதல்ல வெறும் தண்ணியை வேகமா அடிச்சு மணலை வெளியேத்துங்க. மணலோட சேர்த்துத் தேய்ச்சா உப்புத்தாள் போட்ட மாதிரிதான். அப்புறம் கார் ஷாம்பு, மெல்லிசான பிரஷ், மைக்ரோஃபைபர் துணி. பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நார், தேங்காய் நார் கிட்டவே வரக் கூடாது. வீலுக்குன்னு தனி பக்கெட், தனி துணி வெச்சுக்கோங்க. இரும்புத்தூள் ஒட்டின துணியால பானெட்டைத் தொடைச்சா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.

ஷாம்புக்குப் போகாத பழுப்புப் புள்ளிக்கு அயர்ன் ரிமூவர்னு ஒண்ணு கிடைக்குது. அடிச்சதும் இரும்போட வினைபுரிஞ்சு ஊதா நிறத்துல வழியும், பார்க்கவே ரத்தம் மாதிரி இருக்கும். நாத்தம் குடலைப் புரட்டும். பியூட்டி பார்லர்ல முடியைச் சுருட்டுற கெமிக்கல் இருக்கே, அதோட சொந்தக்காரன்தான் இது. காய விடாம ரெண்டு மூணு நிமிஷத்துல கழுவிடணும். லேபிள்ல பி.எச். நியூட்ரல்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. வாரா வாரம் தேவையில்ல, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும்.

கழுவினதும் தொடைக்கணும். சென்னையில பாதிப் பேர் வீட்டுல போர் தண்ணிதான். அது வெயில்ல காய்ஞ்சா கால்சியம், மெக்னீசியம் உப்பு வெள்ளை வெள்ளையாப் படியும். அடிக்கடி ஈ.சி.ஆர். பக்கம் போறவங்க கடல் உப்பையும் இந்தக் கணக்குல சேர்த்துக்கோங்க.

அடுத்து, பாதுகாப்பு. அதுக்கு நல்ல நேரம் வீல் புதுசா இருக்கும்போதுதான். வீல் மட்டும் வாங்குறவங்க டயர் கடையில மாட்டுறதுக்கு முன்னாடியே பண்ணிட்டா உள்பக்கமும் கை எட்டும். பாடிக்குப் போடற கார்னௌபா மெழுகு சூட்டுல உருகுற ரகம், வீல்ல அதிக நாள் நிக்காது. சூடு தாங்குற சிந்தெடிக் சீலன்ட் நல்லது, சில மாசம் வரும். செராமிக் கோட்டிங் ஒரு வருஷம், நல்லாப் போட்டா அதுக்கு மேலயும் வரும். என் கருத்து, வீட்டுல போடற சீலன்ட்டே பெரும்பாலானவங்களுக்குப் போதும். இது அழுக்கு வராமத் தடுக்காது, வந்த அழுக்கை ஒட்டவிடாது, அவ்வளவுதான். மேட் ஃபினிஷ் வீலா இருந்தா பாலிஷ் பக்கம் போகாதீங்க, அங்கங்க பளபளப்பு வந்து திட்டுத் திட்டாயிடும்.

ஒரே ஒரு கண்டிப்பு. வீல் வண்டியில இருக்கும்போது சீலன்ட்டையோ டயர் பாலிஷையோ நேரா ஸ்பிரே பண்ணாதீங்க. துணியில எடுத்துத் தடவுங்க. அது பறந்து போய் பிரேக் டிஸ்க்ல பட்டா பிரேக் பிடிக்காது. நட்டு உட்கார்ற இடத்துலயும், வீல் ஹப்போட ஒட்டுற பின்பக்கத்துலயும் எதையும் பூச வேண்டாம். டயர் பாலிஷ் பக்கவாட்டுக்கு மட்டும்தான், ரோட்டைத் தொடுற பக்கத்துக்குக் கிடையாது.

கழுவி முடிச்சதும் வண்டியை அப்படியே நிறுத்திடாம தெருவுல ஒரு ரவுண்டு போய், மெதுவா நாலஞ்சு தடவை பிரேக் மிதிங்க. டிஸ்க் காய்ஞ்சிடும். அப்படியும் மறுநாள் காலையில டிஸ்க்ல லேசா ஆரஞ்சு நிறம் தெரிஞ்சா பயப்படாதீங்க, ரெண்டு பிரேக்ல போயிடும். ஆனா கழுவின பிறகு 80 கி.மீ. வேகத்துல ஸ்டீயரிங் ஆட ஆரம்பிச்சா, வீலோட உள்பக்கம் ஒட்டியிருக்கிற பேலன்சிங் வெயிட் பிரஷர் வாஷர்ல பிய்ஞ்சு போயிருக்கலாம். பேலன்சிங் கடையில ஒரு தடவை காட்டிடுங்க.

கடைசியா, நிறைய பேர் கேட்கிற கேள்வி. பிளாட்ஃபாரத்துல உரசி வீல் ஓரம் கீறிடுச்சு, என்ன பண்றது? உடனே அந்த இடத்தைக் கழுவி, காய வெச்சு, அதே நிறத்துல டச் அப் பெயின்ட்டும் கிளியரும் தடவி மூடிடுங்க. அழகா இருக்காது, ஆனா தண்ணி உள்ள போகாது. டைமண்ட் கட் வீலை மறுபடியும் லேத்துல சீவிக் கொடுக்கிற இடங்கள் இருக்கு. ஒவ்வொரு தடவை சீவும்போதும் கொஞ்சம் உலோகம் போயிடும், அதனால அதைச் சும்மா சும்மா பண்ண முடியாது. கீறல் இல்லாம, வெடிப்போ வளைவோ தெரிஞ்சா பெயின்ட் அடிச்சு மறைக்காதீங்க. அந்த வீலைக் கழட்டிட்டு ஸ்டெப்னியை மாட்டுங்க.