இரண்டு டிரைவர்களுள் ஏற்றது எது?

'டிரைவர்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் சங்கத்து அன்பர்களுள் பலருக்கு ரயில் எஞ்சினை ஓட்டுபவரே நினைவுக்கு வருவார். இன்று அவருக்கு 'லோகோ பைலட்' என்று பெயர் மாறிவிட்ட போதிலும், ரயில்வே குடியிருப்புகளில் பழைய பெயர் இன்னும் வழங்கியே வருகிறது. ஆனால் நாம் இங்கே எழுத முற்பட்டது அவரைப் பற்றியன்று. கோல்ப் ஆட்டத்தில் முதல் அடிக்கு எடுக்கும் நீண்ட மட்டைக்கும் அதே பெயர்தான். அத்தகைய மட்டைகள் இரண்டனுள் ஓர் இளைஞனுக்கு ஏற்றது எது என்று ஆராயும் பொறுப்பு சென்ற குளிர்காலத்தில் நம்மிடம் வந்து சேர்ந்தது. கோல்ப் ஆட்டத்தை நாம் ஆடியதில்லை. எனினும் அலுவலகத்தில் நாள்தோறும் பேரேடு எழுதும் பழக்கம் உண்டு. அந்தப் பழக்கமே இவ்விஷயத்தில் பயன்பட்டது. ஆதலால் அதனை அன்பர்களுக்கும் சொல்லத் துணிந்தோம்.

ஊரும் ஆட்டமும்

கோல்ப் என்பது சீமான்களின் ஆட்டம் என்று நம்மவர் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் முழுவதும் தவறன்று. ஆயினும் கொல்கத்தாவில் வாழும் நாம் ஒன்றை அறிந்திருத்தல் நலம். டாலிகஞ்சிலுள்ள ராயல் கல்கத்தா கோல்ப் கிளப் 1829-ஆம் ஆண்டில் தோன்றியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய கோல்ப் சங்கங்களுள் மூத்தது அதுவே. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்கச் செல்லும் நம் குடும்பத்தார்க்கு அது எட்டாத தொலைவன்று.

அம்மைதானத்தின் புல்தரையைப் பேணிய ஊழியர் ஒருவரின் மகனே எஸ்.எஸ்.பி. சௌராசியா. அவர் 2008-இல் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தையும், 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்தியன் ஓபன் பட்டத்தையும் வென்றார். அவர் பெயர் பெற்றது நெடுந்தூரம் அடித்ததால் அன்று. குழியருகே ஆடும் நுணுக்கத்தால்தான். இதை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்க, பின்னர்த் தேவைப்படும்.

நம் நண்பர் ஒருவர் ரயில்வே சிக்னல் பகுதியில் பணிபுரிகிறார். அவருடைய இளைய மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. பள்ளி விடுமுறைகளில் ஒரு மைதானத்துக்கு விளையாட்டாகப் பந்து பொறுக்கச் சென்ற பிள்ளை, பின்பு ஆடுவோரின் பையைச் சுமந்து உடன் செல்லும் வேலையில் சேர்ந்தான். அவ்வேலை செய்பவருக்கு ஆங்கிலத்தில் 'கேடி' என்று பெயர். "நம் ஊரில் போலீஸார் பட்டியலில் இருப்பவனைத்தான் கேடி என்போம், என் மகன் தானாகவே போய் அந்தப் பட்டத்தை வாங்கி வந்தான்" என்று நண்பர் சொல்லிச் சிரிப்பார். அச்சிரிப்பில் வருத்தமும் கலந்திருக்கும். பிள்ளையோ ஆட்டத்தைக் கண்ணால் கற்று, இரவல் மட்டைகளால் பழகி, தேர்ந்த ஆட்டக்காரனாகவே வளர்ந்துவிட்டான்.

பிப்ரவரியில் இளைஞர் போட்டி ஒன்றின் தகுதிச் சுற்று நடக்கவிருந்தது. அதற்குள் சொந்தமாக ஒரு டிரைவர் வாங்கிவிட வேண்டும் என்பது அவன் விருப்பம். தாயார் சீட்டுக் கட்டி எடுத்த 25,000 ரூபாயைத் தருவதாகச் சொன்னார். தந்தை ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "வாங்குவது ஒருமுறைதான். அது தவறினால் இந்தப் பேச்சை இனி வீட்டில் எடுக்கக்கூடாது" என்றார். ஆகவே தவறான மட்டையை வாங்கினால் பணம் மட்டுமன்றி, அப்பிள்ளையின் ஆட்டமே நின்றுபோகும் நிலை இருந்தது.

இரண்டு மட்டைகள்

விற்பனைக்கு வந்தவை இரண்டும் பழையனவே. முதலாவது அண்மையில் வெளிவந்த வகை. விலை 22,000 ரூபாய். அதன் முகத்தின் சாய்வு 9 பாகை, தண்டு விறைப்பானது, நீளம் நாற்பத்தைந்தே முக்கால் அங்குலம். பெயர்பெற்ற ஆட்டக்காரர் பலர் இத்தகையதையே வைத்திருப்பதாகப் பிள்ளை சொன்னான். இரண்டாவது சில ஆண்டு பழையது. விலை 14,000 ரூபாய். சாய்வு பத்தரைப் பாகை. தண்டு சற்று வளைந்து கொடுப்பது. நீளம் 45 அங்குலம். முன்னதைக் கண்டதும் பிள்ளையின் முகம் மலர்ந்தது. பின்னதை அவன் கையில் எடுக்கவும் தயங்கினான்.

இவ்வேறுபாடுகளின் பொருளை அறிய, டிரைவரின் வரலாற்றைச் சிறிது பார்த்தல் வேண்டும். பழைய நாளில் அதன் தலை பெர்சிமன் மரத்தால் ஆனது. நம் நாட்டுக் கருங்காலியும், பீடி சுற்றும் இலையைத் தரும் மரமும் அம்மரத்தின் இனத்தைச் சேர்ந்தவையே. 1979-இல் அமெரிக்கரான கேரி ஆடம்ஸ், டெய்லர்மேட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, எஃகுத் தலையுடைய டிரைவரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1991-இல் கேலவே நிறுவனத்தின் 'பிக் பெர்த்தா' வந்தது. அதன் தலை 190 கன சென்டிமீட்டர். அந்நாளில் அதுவே பெரிதாகத் தோன்றியது. பின்னர் எடை குறைந்த டைட்டானியம் உலோகம் பயன்படவே, தலை மேலும் மேலும் பருத்தது. இறுதியில் 460 கன சென்டிமீட்டருக்கு மேற்படக்கூடாது என்று விதி செய்தனர்.

தலை பெரிதாவதால் நன்மை யாது? கழைக்கூத்தாடி நீண்ட மூங்கிலைக் குறுக்கே பிடித்துக் கயிற்றின்மேல் நடப்பதை நாம் கண்டிருக்கிறோம். எடை இரு முனைகளிலும் விலகி நிற்பதால் அம்மூங்கில் எளிதில் திரும்பாது. அதனால் அவன் நிலை தடுமாறுவதில்லை. டிரைவரின் தலையிலும் எடை ஓரங்களுக்கு விலகியிருப்பின், பந்து நடுவில் படாதபோதும் தலை அதிகம் திரும்பாது. பிழையான அடியும் ஓரளவு நேராகச் செல்லும். நம்முன் இருந்த இரண்டு மட்டைகளின் தலைகளும் 460 அளவினவே. ஆகவே வேறுபாடு சாய்விலும் தண்டிலும் நீளத்திலுமே இருந்தது.

சாய்வு குறைந்த மட்டை பந்தைத் தாழ்வாகச் செலுத்தும். வேகமாக வீசுபவருக்கு அது பொருந்தும். வேகம் குறைந்தவர் அதனால் அடித்தால் பந்து போதிய உயரம் எழாமல் விரைவில் தரையைத் தொடும். விறைப்பான தண்டும் அவ்வாறே. வலிய வீச்சுக்கு அடங்கும், மெல்லிய வீச்சுக்கு இணங்காது. நீளம் மிகுந்தால் வீச்சின் வேகம் சிறிது கூடும். ஆனால் நடு முகத்தில் பந்தை வாங்குவது கடினமாகும்.

சோதித்த முறை

"மாமா, இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? இரண்டிலும் அடித்துப் பார்ப்போம், தூரம் போவதை வாங்குவோம்" என்றான் பிள்ளை. நாம் அதற்கு உடன்படவில்லை. ஒரு மட்டையால் பத்துப் பந்துகளையும் அடித்துவிட்டுப் பின்பு மற்றதை எடுத்தால், முதலாவதற்கு உடல் சூடேறாத குறையும், இரண்டாவதற்குக் களைப்பின் குறையும் சேரும். ஆகவே இரண்டு பந்துக்கு ஒருமுறை மட்டையை மாற்ற வேண்டும். பந்துகள் ஒரே வகையினவாக இருக்க வேண்டும். நல்ல அடி, கெட்ட அடி என்று பாராமல் எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று மூன்று விதிகளை வகுத்தோம். "இது கைநழுவிய அடி, இதை விட்டுவிடுங்கள்" என்று அவன் இருமுறை கேட்டும் நாம் விடவில்லை. பணம் குறைந்த நாளின் கணக்கை எழுதாமல் விட அலுவலகத்தில் இடமுண்டோ?

பயிற்சித் திடலில் ராடார் பொறி ஒன்றை மணிக் கணக்கில் வாடகைக்குத் தருகின்றனர். அது பந்தின் வேகம், எழும் கோணம், சுழற்சி, சென்று விழும் தூரம் ஆகியவற்றைக் காட்டும். மட்டையின் முகத்தில் பந்து எங்கே படுகிறது என்பதை அறிய மற்றோர் எளிய வழியைப் பிள்ளையே சொன்னான். முகத்தின்மேல் மெல்லப் பவுடர் பூசினால் பந்து பட்ட இடம் தடமாகத் தெரியும். அதற்கு அவன் தாயாரின் முகப்பவுடரையே கொண்டு வந்திருந்தான்.

கணக்கு காட்டியது

பிள்ளையின் வீச்சு வேகம் மணிக்கு ஏறத்தாழ 95 மைல். முதல் மட்டையால் அடித்த பந்து ஒன்று 226 கெஜம் பறந்து விழுந்தது. அருகில் நின்றவர்களும் கைதட்டினர். பிள்ளை நம்மைத் திரும்பிப் பார்த்தான். 'இன்னும் என்ன கணக்கு வேண்டும்?' என்று அப்பார்வை கேட்டது. இரண்டாம் மட்டையின் மிகச் சிறந்த அடி 221 கெஜமே.

ஆனால் இருபது பந்துகளும் முடிந்து கூட்டிப் பார்த்தபோது செய்தி வேறாயிற்று. முதல் மட்டையின் பத்து அடிகள் 226, 211, 174, 218, 205, 189, 214, 222, 181, 200. கூட்டினால் 2,040, சராசரி 204 கெஜம். இரண்டாம் மட்டையின் அடிகள் 219, 214, 208, 221, 212, 217, 205, 216, 213, 215. கூட்டினால் 2,140, சராசரி 214 கெஜம். முதல் மட்டையில் சிறந்த அடிக்கும் தாழ்ந்த அடிக்கும் 52 கெஜம் வேறுபாடு. இரண்டாவதில் 16 மட்டுமே. நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 15 கெஜத்துக்குள் விழுந்தவை முதலாவதில் நான்கு, இரண்டாவதில் எட்டு.

பவுடர்த் தடம் இதன் காரணத்தைச் சொல்லிற்று. முதல் மட்டையின் முகத்தில் தடங்கள் சிதறிக் கிடந்தன. பல தண்டை ஒட்டிய பக்கமாகவும் கீழ்ப்புறமாகவும் பதிந்திருந்தன. வலக்கை ஆட்டக்காரருக்குத் தண்டின் பக்கம் பட்ட பந்து வலப்புறம் வளைந்தோடும்; கீழே பட்டதற்குச் சுழற்சி மிகும், தூரம் குறையும். இரண்டாவதில் தடங்கள் நடுவிலே நெருங்கியிருந்தன. முக்கால் அங்குலம் நீளம் குறைந்ததும், தண்டு அவன் கைக்கு இணங்கியதும் அதற்குக் காரணமாகலாம் என்று கொண்டோம்.

பிள்ளை எளிதில் விட்டுவிடவில்லை. இக்காலத்து மட்டைகளில் தலையைக் கழற்றித் திருப்பிப் பூட்டிச் சாய்வை மாற்ற இயலும். முதல் மட்டையையும் அவ்வாறு ஒரு பாகை உயர்த்தலாமே என்றான். நியாயமான வாதம், அதையும் செய்து பார்த்தோம். பந்து உயரமாக எழுந்தது உண்மையே. ஆனால் அவ்வாறு சாய்வைக் கூட்டினால் முகமும் இடப்புறம் சிறிது திரும்பிவிடும். அதனால் அடுத்தடுத்து மூன்று பந்துகள் இடப்பக்கத்து வேலியை நோக்கிச் சென்றன. தண்டின் விறைப்பையோ திருகாணியால் குறைக்க முடியாது.

ஒரு பிழையின் விலை

அப்போது நாம் அவனிடம் ஒரு கேள்வி கேட்டோம். "எல்லைக்கு வெளியே பந்து போனால் என்ன ஆகும்?" அவன் தரையைப் பார்த்தபடி விடை சொன்னான். அந்த அடி வீணாகும். தண்டமாக ஓர் அடி சேரும். மீண்டும் தொடங்கிய இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். ஆக மூன்றாம் அடிதான் மறுபடி முதல் அடியாகிறது. நல்ல அடியில் கிடைக்கும் ஐந்து கெஜ ஆதாயம் ஓர் அடியையும் மிச்சப்படுத்தாது. கெட்ட அடி ஒன்றோ இரண்டு அடிகளைக் கொண்டுபோய்விடும். பதினெட்டுக் குழிகளில் பன்னிரண்டு, பதினான்கு இடங்களில் டிரைவரை எடுக்க நேரும். இந்தக் கணக்கை அவனே விரல் மடக்கிப் போட்டான். பின்பு, "சௌராசியாவும் தூரத்தால் ஜெயிக்கவில்லைதானே, மாமா?" என்றான். முகவாட்டம் நீங்கவில்லை, ஆயினும் இரண்டாம் மட்டையைத் தன் பையில் வைத்துக்கொண்டான்.

மீந்த 11,000 ரூபாயை அவன் தாயாரிடம் திருப்பித் தந்தான். அவர் அதில் பாதியைப் பந்துகளுக்கும் போட்டிக் கட்டணத்துக்கும் அவனிடமே கொடுத்துவிட்டார்.

தகுதிச் சுற்றில் அவன் முதல்வனாக வந்தான் என்று எழுத நமக்கும் ஆசைதான். அவன் தேறவில்லை, இரண்டு அடிகளில் வாய்ப்பை இழந்தான். குழியருகே தள்ளும் சிற்றடிகளில் பிழை நேர்ந்ததாகச் சொன்னான். ஆனால் அன்று டிரைவரால் அடித்த பந்துகளுள் ஒன்றுகூட எல்லையைத் தாண்டவில்லை. நண்பர் முதன்முறையாக விடுப்பு எடுத்துக்கொண்டு, கயிற்றுக்கு வெளியே பதினெட்டுக் குழியும் மகனுடன் நடந்தார். திரும்பி வரும் வழியில், "அடுத்த ஆண்டும் இதே மட்டை போதுமா, வேறு வேண்டுமா?" என்று அவர் கேட்டாராம். ஒருமுறைதான் என்று சொன்னவர் அவரே.

கோல்ப் ஆடும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் ஒருசிலரே இருக்கலாம். எனினும் தையல் இயந்திரமோ, மிதிவண்டியோ, பிள்ளைக்கு வீணையோ வாங்க நேரும்போது கடையில் நாம் செய்வது என்ன? ஒருமுறை நன்றாக இயங்கியதைக் கண்டு மயங்குகிறோம்; அல்லது பெரியோர் வைத்திருப்பது என்று கேட்டு வாங்குகிறோம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, நன்றாக அமைந்ததையும் அமையாததையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க அரைமணி நேரம் போதும். அந்தத் தாளை அப்பிள்ளை இன்றும் கோல்ப் பையின் பக்கப் பையில் வைத்திருக்கிறான். 174 என்ற எண்ணின் கீழ் மட்டும் சிவப்பு மையால் தானே கோடிட்டிருக்கிறான்.